ஷிப்டுக்கு நடுவே ஒரு கேமரா: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை, வீடு கிருஷ்ணகிரியில். காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் 4:40க்கெல்லாம் ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் ஏழு வருடமாகப் படமும் எடுக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் நல்ல போனோ கேமராவோ வாங்கியதும் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, உங்களுக்கு மட்டும் எப்படிணா நேரம் கிடைக்குது?" டீக்கடையில் நின்று ஒவ்வொருத்தருக்கும் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கிய கையோடு மூணாறு, ஹம்பி, ராமேஸ்வரம் என்று ஒரு பட்டியல் போட்டேன். லீவு கிடைத்தால் பணம் இருக்காது, பணம் இருந்தால் கூட வர ஆள் இருக்காது. ஒன்றரை வருடத்தில் போனது மூன்றே மூன்று பயணம். மீதி நாளெல்லாம் கேமரா பீரோவில், புடவைகளுக்கு நடுவில் பத்திரமாகத் தூங்கியது. ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சரிபார்த்துக் கொடுத்தவர், "கேமராவ வெளிய எடுத்து வெயில் காட்டுங்க சார், இருட்டுல வெச்சாதான் இது வரும்" என்றார். கேமராவுக்குச் சொன்னாரோ எனக்குச் சொன்னாரோ, அந்த வாரமே காலையில் எழுந்து பக்கத்திலிருக்கும் கே.ஆர்.பி. அணைக்குப் போனேன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்தான் இன்றுவரை ஓடுகிறது.

ஒன்று: ஷிப்ட் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதெல்லாம் அப்புறம். உங்கள் வாரத்தில் வெளிச்சமும் ஓய்வும் ஒன்றாகச் சேரும் இடம் எது என்று முதலில் பாருங்கள். என் கணக்கு இப்படி.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மூன்றே காலுக்கு வீட்டில் இருப்பேன். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் மாலை வெளிச்சம் கையில் இருக்கிறது. ஜூனில் சூரியன் 6:45 வரை நிற்கும். நவம்பர் கடைசியில் 5:50க்கே இறங்கிவிடும். அதனால் மழைக்காலத்தில் இந்த வாரம் கொஞ்சம் இறுக்கம்தான்.

செகண்ட் ஷிப்ட் வாரம்தான் நமக்குப் பொன் வாரம். மதியம்தான் பஸ். காலை முழுக்க நம்முடையது. ஆனால் முந்தின இரவு வீடு வந்து சேரவே பதினொன்றே காலாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஐந்து நாளும் விடியற்காலை எழுந்தால் வியாழக்கிழமை மெஷின் முன்னால் கண் சொருகும். வாரத்துக்கு ஒரே நாள், அதுவும் செவ்வாயோ புதனோ. எட்டரைக்குள் திரும்பி வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

நைட் ஷிப்ட் வாரத்தில் கேமராவைத் தொடுவதில்லை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒருமுறை நைட் முடித்த கையோடு, தூங்காமல், நண்பன் வண்டியில் ஒகேனக்கல் கிளம்பினோம். ஓட்டியது நான். பென்னாகரம் தாண்டியதும் ஒரு நொடி கண் மூடிவிட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் குலுங்கியபோதுதான் விழித்தேன். எதிரே லாரி வராதது எங்கள் அதிர்ஷ்டம். பின்னால் இருந்தவன் திரும்பி வரும்வரை என்னிடம் பேசவில்லை.

ஆபீஸ் வேலைக்காரர்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் இதே மாதிரி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாதத்துக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மூன்றாவது மாதம் விட்டுவிடுவீர்கள்.

இரண்டு: ஆறு மாதம் போனே போதும்

கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, போனில் 500 படம் எடுத்து அதில் பத்து உங்களுக்கே பிடித்தால் அப்புறம் வாங்குங்கள் என்பதுதான். போனில் மூன்று விஷயம் பழகினால் போதும். எடுக்கும் முன் லென்ஸைச் சட்டை நுனியால் துடையுங்கள். பாக்கெட் எண்ணெய்ப் பிசுக்குதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள்; நாலு அடி முன்னால் நடங்கள். திரையில் தொட்டுப் பிடித்தால் வெளிச்ச அளவு அங்கேயே நிற்கும். விரலைக் கீழே இழுத்தால் படம் கொஞ்சம் இருட்டாகும். சூரியோதயத்தில் வானம் வெளுத்துப் போகாமல் இருக்க இந்த ஒன்று தெரிந்தாலே போதும்.

அதற்கப்புறமும் ஆசை நின்றால் பழைய கேமரா ஒன்று வாங்கலாம். கூட வரும் 18-55 எம்.எம். லென்ஸ் மலைக்கும் அணைக்கும் போதும். இரண்டாவதாக 50 எம்.எம். 1.8 லென்ஸ் (1.8 என்பது வெளிச்சம் உள்ளே வரும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), விலை குறைவு, முகங்களுக்கு அருமை, இருட்டிலும் கை கொடுக்கும். பழையது வாங்கும்போது லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஷட்டர், அதாவது படம் எடுக்கும்போது திறந்து மூடும் கதவு, எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். வாங்கிய பிறகு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். பீரோ வேண்டாம்.

மூன்று: மூன்றே மூன்று இடம்

வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருடம் அந்த மூன்றை விட்டு வேறெங்கும் போகாதீர்கள். இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். "ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயி என்னாணா பண்றது?" என்பார்கள். ஆனால் நேரமில்லாதவனுக்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. புது இடத்தில் முதல் ஒரு மணி நேரம் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் வெளிச்சம் வரும், டீ எங்கே கிடைக்கும் என்பதிலேயே போய்விடும். நம் கையில் இருப்பதே இரண்டரை மணி நேரம்.

என் மூன்று இடங்கள் இவை. கே.ஆர்.பி. அணை: தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டியது, ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். அடுத்து ராயக்கோட்டை மலைக்கோட்டை. மூன்றாவது போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் பாறை, ஒன்றில் மனிதர்கள். நீங்களும் இப்படி மூன்று விதமாகத் தேர்ந்தெடுத்தால் அலுக்காது. தருமபுரியில் இருப்பவர்களுக்கு வத்தல்மலை, தொப்பூர் கணவாய், கோட்டைக் கோயில் என்று தனிக் கணக்கு வரும். ஓசூர்க்காரர்களுக்குத் தளி சாலையும் கெலவரப்பள்ளி அணையும். 2004-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததெல்லாம் ஆபீஸ் வேலைக்குத்தான். படம் எடுப்பவனுக்கு எல்லாம் ஒரே சீமைதான்.

அணையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், திரும்பத் திரும்பப் போவதில் என்ன கிடைக்கும் என்று புரிவதற்காக. முதல் நாள் நான் எடுத்தது வெறும் சூரியன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், கீழே தண்ணீர். நான்காவது தடவை போனபோதுதான் பரிசலில் வலை எடுக்கும் மீனவர் ஒருவர் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரைக்கு வருகிறார் என்பதைக் கவனித்தேன். ஏழாவது தடவை, அவர் எங்கே கரை ஏறுவார் என்று தெரிந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் மேட்டில் ஏறும்போது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை இரண்டு காலில் நடந்து வருவது போல இருந்தது. பின்னால் பனிமூட்டம். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே படம் அதுதான். ஏழு தடவைக்கும் சேர்த்து ஆன பெட்ரோல் ஒரு மூணாறு பயணத்தின் டீச் செலவுகூட வராது.

ராயக்கோட்டை வேறு மாதிரி. 1791-ல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதனால் செகண்ட் ஷிப்ட் வாரத்துக்கு இது ஒத்துவராது, ஞாயிறுதான். தனியாக ஏறாதீர்கள், இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். பாறை சுட ஆரம்பித்தால் செருப்புக்குள்ளும் சுடும்.

நான்கு: முந்தின ராத்திரியே முடிக்க வேண்டியவை

காலை ஐந்து மணிக்கு மூளை வேலை செய்யாது. அதனால் எல்லாம் ராத்திரியே. பேட்டரி சார்ஜ், கார்டு காலி, வண்டியில் பெட்ரோல், ரெயின்கோட், ஒரு பழைய துண்டு. கேமரா பையைச் செருப்புப் பக்கத்தில் வைத்துவிடுவேன், தேடி விளக்குப் போட்டு வீட்டை எழுப்பாமல் இருக்க.

சூரியன் எழும் நேரத்தைப் போனிலேயே பார்க்கலாம். நம் பக்கம் ஜூன் தொடக்கத்தில் 5:55 வாக்கில், ஜனவரி கடைசியில் 6:45 வாக்கில். அதற்கு அரை மணி முன்னால் இடத்தில் இருக்க வேண்டும். நல்ல நிறமெல்லாம் சூரியன் தலை காட்டுவதற்கு முன்னாலேயே வந்துபோய்விடும். இதிலிருந்து ஒரு சௌகரியம் தெரிகிறது பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் 5:30க்கு எழுந்தால்கூடப் போதும். பனியும் அப்போதுதான் இறங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த மாதங்களில் தொடங்கினால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பது எங்கள் ஊரின் பழைய புலம்பல். ஆனால் ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி நான்கும் சேலம் - பெங்களூரு ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. தருமபுரியிலோ ஓசூரிலோ இருந்தால், வண்டியில்லாமலே ராயக்கோட்டை போகலாம்.

ஐந்து: மூன்று அளவுகள் மனப்பாடம்

கேமராவில் நூறு பொத்தான்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவன் எல்லாவற்றையும் படித்து முடிப்பதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிடும். மூன்று நிலைமைக்கு மூன்று அளவு போதும்.

நிற்கிற காட்சி, அதாவது மலை, அணை, கோட்டை: துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 100. ஷட்டர் வேகம் கை நடுங்காத அளவுக்கு இருக்க வேண்டும். 50 எம்.எம். லென்ஸ் என்றால் 1/50 நொடியைவிட மெதுவாகப் போகாதீர்கள். போனால் முக்காலி வையுங்கள், அல்லது மதில்மேல் கேமராவை வைத்து அழுத்துங்கள். தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் எனக்கு மதில்தான் முக்காலி.

ஓடுகிற காட்சி: மாடு, பரிசல், அருவி. 1/500-லிருந்து 1/1000. வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் பரவாயில்லை. குலுங்கிய படத்தை யாராலும் சரி செய்ய முடியாது.

முகம்: துளையை 1.8 அல்லது 2-க்குத் திறந்து, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். வெயிலில் நிற்கிறவரை வேப்பமர நிழலின் ஓரத்துக்குக் கூப்பிடுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

நடுகல், கல்வெட்டு, கோயில் சிற்பம் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சூட்சுமம். நம் இரண்டு மாவட்டத்திலும் வயல்வெளியில்கூட நடுகல் இருக்கும். தருமபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் எடுத்தால் வீரன் இருக்கும் இடமே தெரியாது, வெறும் கல்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். அப்போது வாளின் நுனிகூட நிழலோடு எழுந்து நிற்கும். தருமபுரி கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதி அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் இதே வித்தைதான், ஆனால் கோயிலில் கேட்டுவிட்டு எடுங்கள். எழுத்துத் தெரிவதற்காகச் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். ஆயிரம் வருடம் நின்ற கல்லை ஒரு படத்துக்காகக் கெடுக்கக் கூடாது.

ஆறு: மனிதர்களிடம் எப்படிப் போவது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் சந்தையில் முதல் மூன்று வாரம் பையிலிருந்து கேமராவே வெளியே வரவில்லை.

வழி இதுதான். முதல் அரை மணி நேரம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். டீ குடியுங்கள், ஒரு சுற்று சுற்றுங்கள், ஏதாவது வாங்குங்கள். நான் கொத்தமல்லிக் கட்டோ கோழியோ வாங்குவேன். ஒன்றை வாங்கிவிட்டால் நாம் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை, சந்தைக்கு வந்த ஆள். அப்புறம் ஒருத்தரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது ஆளிடம் கேட்கவே வேண்டியிருக்காது.

ஆட்டுச் சந்தையில் இரண்டு பேர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் ஒன்றும் பேசாது. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக. அந்தத் துண்டைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"எடுத்துக்கோ. ஆனா துண்டுக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது" என்றார்.

"துண்டு மேல மட்டும்தாங்க."

"போட்டோ புடிச்சி என்னா பண்ணுவ? பேப்பர்ல போடுவியா?"

"இல்லீங்க, சும்மா எனக்குத்தான்."

"சும்மாவா?" என்று சிரித்துவிட்டு, "கம்பெனில வேல செய்யிறவனா நீ" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பெண்களை, குழந்தைகளை எடுப்பதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரிங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். விவாதம் பண்ணாதீர்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். நீக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே நீக்குங்கள்.

ஏழு: எந்த மாதத்தில் என்ன

லீவு குறைவாக இருப்பவனுக்குப் பருவம் தெரிந்திருக்க வேண்டும். பொங்கலிலிருந்து எருது விடும் விழாக்கள் ஊர் ஊராக நடக்கும். தடுப்புக்கு வெளியே, மேடான இடத்தில், மொட்டைமாடி கிடைத்தால் அங்கே நில்லுங்கள். வியூஃபைண்டரில் பார்க்கும்போது மாடு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்; அது பொய். ஜனவரி, பிப்ரவரியில் மாந்தோப்புகள் பூத்திருக்கும். அதே சமயம் ரோட்டிலேயே ராகிக் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறி இறங்கத் தாள் அடிப்பதைப் பார்க்கலாம். மாசி, பங்குனியில் புளி. திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கும் கைகள் எனக்கு மிகப் பிடித்தவை. மே முதல் ஜூலை வரை மாங்காய். பெங்களூரா காய்களை ஏற்றிக்கொண்டு ஜூஸ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்.

ஒகேனக்கலுக்குக் கிளம்பும் முன் காலைச் செய்தியில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று பாருங்கள். கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளந்து சொல்வார்கள். வெள்ளம் வந்தால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டுவிடுவார்கள். ஒரு ஞாயிறு வீணாகும். நான் பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியைத்தான் விரும்புவேன். கோடையில் தண்ணீர் குறைந்து பாறை முழுக்க வெளியே தெரியும், அதுவும் ஒரு அழகு. பரிசலில் லைஃப் ஜாக்கெட் போட்டபிறகு கேமரா வாரைக் கழுத்தில் மாட்டுங்கள். சாரல் லென்ஸில் படும். அந்தப் பழைய துண்டு இதற்குத்தான். அருவித் தண்ணீர் பஞ்சு மாதிரி வர வேண்டுமென்றால் கரையில் முக்காலி வைத்து, ஷட்டரைக் கால் நொடி, அரை நொடிக்குக் குறையுங்கள். வெயிலில் படம் வெளுத்துப்போகும். காலை மேகமூட்டத்தில்தான் இது சரிப்படும். துளி துளியாக வேண்டுமென்றால் 1/1000. பாசி பிடித்த பாறையில் ஒரு படத்துக்காகக் கால் வைக்காதீர்கள். அந்த ஆற்றில் விழுந்தவர்கள் நீச்சல் தெரியாதவர்கள் மட்டுமில்லை.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போவோருக்கு: அக்டோபர் வாக்கில் தொடங்கி கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் நம் காடுகளுக்கு வரும், ராகி வாசத்துக்கு வயலிலும் இறங்கும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சாலைகளில் பைக் வேண்டாம். யானையைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற வேலையே கூடாது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம்.

பெரிய பயணம் வருடத்துக்கு ஒன்று போதும். கம்பெனி காலண்டரில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சட்டப்படி விடுமுறை, அதோடு பண்டிகை விடுமுறை ஐந்து. வேலை செய்யும் ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஈ.எல்., அதாவது சம்பளத்தோடு கூடிய லீவு, சேரும். ஜனவரியிலேயே காலண்டரைப் பார்த்து, வார விடுமுறையோடு ஒட்டி வரும் நாளுக்கு நடுவே ஒரு ஈ.எல். போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான் ரகசியம். பதிலுக்குத் தீபாவளிக்கு முந்தின நைட்டை நான் பார்த்துக்கொள்வேன். சூப்பர்வைசர் இதுவரை என் லீவை மறுத்ததில்லை.

வீட்டு ஒப்பந்தமும் ஒன்று உண்டு. ஞாயிறு ஒன்பதரைக்குள் வீடு திரும்ப வேண்டும், கையில் சந்தைக் காய்கறியோடு. அதற்கப்புறம் கேமராவைப் பற்றிப் பேசக் கூடாது. போச்சம்பள்ளியை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். படமும் ஆச்சு, வாரத்துக் காயும் ஆச்சு.

எட்டு: எடுத்ததை என்ன செய்வது

கம்பெனி பஸ்தான் என் ஸ்டுடியோ. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கார்டிலிருந்து போனுக்கு மாற்ற ஒரு சின்ன ரீடர் போதும். போகும்போது தூங்குவேன், வரும்போது தேர்வு செய்வேன். நூறில் ஐந்துதான் தேற வேண்டும். ஒரே காட்சியில் இருபது படம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுங்கள். திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போதும்: கோணலை நேராக்குவது, ஓரத்தை வெட்டுவது, வெளிச்சம் கொஞ்சம். வானத்தை ஊதாவாக்காதீர்கள். கிருஷ்ணகிரி வானம் அந்த நிறத்தில் இருந்ததே இல்லை.

சேமிப்பு விஷயத்தில் அடி வாங்கியவன் சொல்கிறேன். படம் இரண்டு இடத்தில் ஏறும்வரை கார்டை அழிக்காதீர்கள். வீட்டு ஹார்ட் டிஸ்க் ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று. அக்கா மகள் காதுகுத்துப் படங்களை, ஏற்றிவிட்டேன் என்று நினைத்து, ஃபார்மட் பண்ணிவிட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுத படம் அதோடு போச்சு. அந்தத் தாய்மாமன் நான்தான் என்பதால் வேறு யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. ஐந்து வருடமாகிறது, அக்கா இன்னும் பொங்கலுக்குப் பொங்கல் ஞாபகப்படுத்துகிறாள்.

கடைசி வேலை, மாதத்துக்கு இரண்டு மூன்று படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து 4x6 பிரிண்ட் போடுங்கள். யாரை எடுத்தீர்களோ அவருக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அதே மூன்று இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போவதால் ஆளைத் தேட வேண்டியிருக்காது. துண்டுப் பெரியவருக்கும் அப்படித்தான் கொடுத்தேன், அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். சட்டைப் பையில் வைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எல்லாஞ் சரி. ஆட்டோட காத ஏன் வெட்டிட்ட?"

ஓரத்தில், உண்மையிலேயே, பாதிக் காது இல்லை. பஸ்ஸில் ஓரம் வெட்டும்போது நான்தான் வெட்டியிருக்கிறேன்.